மெலிந்த உடலும் சர்க்கரை நோயும்: மறக்கப்பட்ட ஒரு வரலாறு

 

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என நம் வட்டாரத்தில் சர்க்கரை நோயாளி இல்லாத குடும்பம் அரிது. "சோற்றைக் குறையுங்கள், எடையைக் குறையுங்கள்" என்பதே எங்கும் கேட்கும் அறிவுரை. நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை இயல்பிலேயே ஒல்லியானவர். நோய் தெரிந்ததும் அவர் இரவு உணவையே விட்டுவிட்டார். சில மாதங்களில் அவரது சட்டை தோளில் நிற்கவில்லை. அந்த அறிவுரையை அவருக்குச் சொன்னோரில் நாமும் இருந்தோம். அந்த வருத்தமே இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

சர்க்கரை நோய் பருத்தவருக்கே வரும் என்பது பிற்கால எண்ணம். பண்டைய இந்திய மருத்துவ நூல்களான சரகமும் சுசுருதமும் இந்நோயாளிகளை மெலிந்தவர், பருத்தவர் என இரு வகையாகப் பிரித்தன. மெலிந்தவருக்கு உடலைத் தேற்றும் உணவும், பருத்தவருக்கு உடலைக் குறைக்கும் முறையும் வேண்டும் என்பது அவற்றின் கருத்து. சுமார் 1025-ஆம் ஆண்டில் நிறைவுற்ற 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் இப்னு சீனா (ரஹ்) இந்நோயைத் தனியே விளக்கினார். குடித்த நீர் உடனே வெளியேறுவதால் அரபியர் இதனை 'தூலாப்', அதாவது நீர்ச்சக்கரம், என்றும் அழைத்ததை அவர் குறிப்பிடுகிறார். உடலின் ஈரம் இவ்வாறு வற்றுவதால் நோயாளி உருகி மெலிவார் என்றும் எச்சரித்தார்.

அவர் கண்ட மெலிவின் காரணம் இன்று தெளிவாகியுள்ளது. இன்சுலின் போதாதபோது, உண்ட உணவின் சர்க்கரை உடலின் செல்களுக்குள் செல்லாமல் சிறுநீரில் கழிகிறது. உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைக்கிறது. இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன், அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் நோயாளிகளைக் கடும் பட்டினியில் வைத்து ஆயுளைச் சற்றே நீட்டினார். வேறு வழி அன்று இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் செலுத்தப்பட்டது. அப்போது அவனது எடை ஏறத்தாழ 30 கிலோ மட்டுமே. தூய்மைப்படுத்திய மருந்து கிடைத்ததும் அவன் தேறி, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அவனுக்குத் தேவைப்பட்டது பட்டினி அன்று, மருந்தும் உணவும்தான்.

வறுமையால் மெலிந்தோரின் நீரிழிவுக்கு மட்டும் நீண்ட காலம் நீதி கிடைக்கவில்லை. 1955-இல் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஜமைக்காவில் இத்தகையோரைத் தனி வகையாகக் குறித்தார். உலக சுகாதார நிறுவனம் 1985-இல் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவைத் தன் பட்டியலில் சேர்த்து, 1999-இல் நீக்கியது. ஆயினும் நம் பூந்தமல்லி வழியே செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணத்தில் உள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இம்மக்களைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 2022-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இவர்களிடம் இன்சுலின் சுரப்பே குறைவு என்றும், பருத்தவரிடம் காணப்படும் இன்சுலின் எதிர்ப்பு முதன்மைக் காரணம் அன்று என்றும் காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதனை 'ஐந்தாம் வகை நீரிழிவு' என ஏற்றது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. மெலிந்த நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். எடை கூட வேண்டுமென இனிப்பையும் ஊட்டாதீர்கள். முதலில் சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும். பின்னர் பருப்பு, முட்டை, மீன், தயிர், வேர்க்கடலை போன்றவற்றை மருத்துவர் அல்லது உணவியல் நிபுணர் சொல்லும் அளவில், வேளை தவறாமல் கொடுங்கள். காரணமின்றி எடை குறைந்தால் காசநோய், தைராய்டு பரிசோதனையும் தேவை. இன்சுலின் போட்டுவிட்டு உண்ணாதிருப்பது ஆபத்து. எனவே ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். நோயாளி வேறு நாட்களில் நோன்பு நோற்கலாம் என்ற சலுகையைச் சூரா அல்பகரா (2:184, 185) தந்துள்ளது. குணமாகாத நோயால் நோன்பு நோற்கவே இயலாதோர் ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யா ஆகும்.

அந்த ஏழையின் உணவை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகை நீரிழிவு, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஏற்பட்ட பசியோடு தொடர்புடையது என்கின்றனர் ஆய்வாளர்கள். ஆக, நம் தெருவில் ஒரு கர்ப்பிணிக்கும் ஒரு குழந்தைக்கும் நாம் அளிக்கும் உணவு, வருங்கால நோயொன்றைத் தடுக்கும் தர்மமாகவும் அமையலாம்.

அந்தத் தந்தை இப்போது மருத்துவரின் மேற்பார்வையில் மூன்று வேளையும் உண்கிறார். அவருக்கும் நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.