சோனகர் என்னும் பெயர்

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, சாகாமத்து வயல்வெளிகளில் 'போடியார்' என்றால் பெருநிலம் உடையவர். 'வட்டைவிதானை' என்றால் வயலின் நீர்முறை பார்ப்பவர். அவர் கோயிலுக்குச் செல்பவரா, பள்ளிவாசலுக்குச் செல்பவரா என்று இச்சொற்கள் கேட்பதில்லை. 'குடி' என்னும் சொல்லும் அத்தகையதே. தாய்வழியாக வரும் குடிமுறை அக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது. குடியின் சார்பில் கோயிலில் நிற்பவர் வண்ணக்கர், பள்ளிவாசலில் நிற்பவர் மரைக்கார். ஆயினும், அம்மக்களுள் ஒரு சாராரைக் குறிக்கும் 'சோனகர்' என்ற பெயரைப் பற்றிக் கொழும்பில் மூண்ட வழக்கு எளிதில் தீரவில்லை.

'யவனர்' என்பதன் திரிபே 'சோனகர்' என்பர். சங்க நூல்களில் யவனர் கிரேக்க, உரோம நாட்டார். பின்னாளில் அராபியரும் அவர் வழிவந்தோரும் அப்பெயர் பெற்றனர். போர்த்துக்கேயரோ, தம் நாட்டில் தாம் பொருத முஸ்லிம்களை அழைத்தவாறே இங்குள்ளோரையும் 'மூர்' என்றனர். ஆங்கிலேயர் ஏடுகளிலும் அதுவே நிலைத்தது.

1888ஆம் ஆண்டில் பொன்னம்பலம் இராமநாதன், அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். மொழியையும் வழக்கங்களையும் நோக்கின் சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் முடிபு. அவர் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதி. சோனகருக்குத் தனி இடம் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. 'நீங்களும் எம்மவரே' என்ற அழைப்பாக ஒரு சாரார் கொள்ளத்தக்க சொல்லை, 'உமக்குத் தனி இடம் எதற்கு?' என்ற மறுப்பாகவே மற்றவர் கேட்டனர். 1889இல் எம். சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதனாலும் வாதம் அடங்கவில்லை. 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்புநூல் ஒன்றை வெளியிட்டார். தாய்மார் வழியில் தமிழ்க் குருதி கலந்திருப்பினும், மூதாதையர் அராபியரே என்றார் அவர். தந்தைவழியாக எண்ணும் இவ்வாதம், தாய்வழியே குடி எண்ணும் கிழக்குக் கரைக்கு எளிதில் பொருந்துவதன்று. இருவரும் வாதிட்டது ஆங்கிலத்தில் என்பதும் நினைக்கத்தக்கது.

பின்னர் முஸ்லிம்களுக்குள்ளேயே பெயர்வழக்கு எழுந்தது. 'சோனகர்' என்றால் மலாயர் புறத்தே நிற்பர். 'முஸ்லிம்' என்றால் உள்ளே வருவர். சர் ராசிக் பரீத் முன்னதை வற்புறுத்தினார், மலாயரான டி. பி. ஜாயா பின்னதை விரும்பினார்.

1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி, 'தமிழ் பேசும் மக்கள்' என்ற விரிந்த தொடரைக் கையாண்டது. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் கல்முனையில் எம். சி. அகமதும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் அக்கட்சியின் வேட்பாளராக வென்றனர்; பின்னர் இருவரும் கட்சியை விட்டு நீங்கினர்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் 'இலங்கைச் சோனகர்' என்றே பதிவாயிற்று. அக்கரைப்பற்றுச் சாகாம வீதியில் கேட்டாலோ, 'முஸ்லிம்' என்பார்கள்.