நாற்பது வயதில் ஒரு நோட்டுஸ்வரம்

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை நண்பன் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. "மச்சான், இந்தத் தடவ நீ வயலின் வாசிக்கிற. கதையெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

எனக்கு நாற்பது வயது. வயலினைத் தொட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வந்து, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இரவு ஒன்பது மணிவரை அறுப்பேன். 'அறுப்பது' என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல். சரியான சொல்தான்.

போன வருடம் ஒரு பிறந்தநாள் விருந்தில் சினிமாப் பாட்டு வாசிக்கப் போய் இரண்டாவது வரியிலேயே தொலைந்துபோனேன். வீணையில் இருப்பதுபோல வயலினில் மெட்டுகள் கிடையாது. விரல் ஒரு நூல் தள்ளினால் வேறு ஸ்வரம். எல்லாரும் கைதட்டினார்கள். அதுதான் வலித்தது. நடக்கப் பழகும் பிள்ளைக்குத் தட்டுவதுபோல இருந்தது.

இந்த முறை ஆசிரியர் 'ஸ்யாமளே மீனாக்ஷி'யை எடுத்துக் கொடுத்தார். முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம். வாசித்துப் பார்த்தால், அட, நம்ம 'ட்விங்கிள் ட்விங்கிள்'! பாலர் பள்ளிப் பாட்டு.

"சார், இத எப்படிப் பெரியவங்க முன்னால வாசிக்கிறது?"

"தீட்சிதர் வெட்கப்படல. உங்களுக்கு என்ன?" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சும்மா விடவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அதே ஆண்டில்தான் தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி பிறந்தார். மணலி முதலியார்களின் ஆதரவில் அந்தக் குடும்பம் திருவாரூரிலிருந்து சென்னைக்கு அருகில் இருக்கும் மணலிக்குக் குடிபெயர்ந்தது. அருகில் புனித ஜார்ஜ் கோட்டை. அங்கே கம்பெனியின் பேண்டு வாத்தியம். சகோதரர்கள் அதைக் கேட்டார்கள். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். முப்பதுக்கும் மேல். பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டுகூட அதில் உண்டு. தம்பி ஒரு ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டு வயலின் கற்றார். பாலுஸ்வாமியின் பேரனும் பின்னர் அவருக்கே சுவீகாரப் புதல்வருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இந்தக் குடும்பத்தின் வரலாறு இருக்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு. அந்த ஐரோப்பியர் வில்லைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார். விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார். தோடியில் காந்தாரத்தை எப்படி அசைப்பது என்று அவரால் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. வீட்டில் காதால் அறிந்த சங்கீதத்தை ஓர் அந்நியக் கருவியில் பாலுஸ்வாமி தானாகத்தான் தேடியிருக்க வேண்டும். பாடம் முடிந்த பிறகு மறுபடியும் ஒரு தொடக்கம்.

அந்தத் தேடல் ஒருவரோடு முடியவில்லை. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். மேற்கில் நின்றபடி தாடையில் தாங்கி வாசிப்பதை நம்மவர்கள் தரைக்குக் கொண்டுவந்தார்கள். சம்மணமிட்டு வலது காலைச் சற்று நீட்டி, கருவியின் தலையைக் கணுக்காலில் சாய்த்து, மறுமுனையை மார்பில் நிறுத்தினார்கள். கருவியின் பாரம் இடது கைக்கு இல்லை. அதனால் விரல்கள் தந்தியில் தாராளமாக வழுக்கின. கமகம் வந்தது. தந்திகளையும் ச-ப-ச-ப என்று மாற்றிச் சேர்த்தார்கள். பாடுகிறவரின் குரலைப்போல நீண்டு ஒலித்ததால் பக்கவாத்தியமாக வீணை இருந்த இடத்துக்கு வயலின் வந்தது.

இங்கே மலாய்க்காரர்களும் அப்படித்தான். போர்த்துக்கீசியரின் 'வியோலா' அவர்கள் வாயில் 'பியோலா' ஆனது. ரோங்கெங் ஆட்டத்தில் ரெபானாவோடு சேர்ந்தது. 1929இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி சினிமாவுக்குப் போவதற்கு முன்பே வயலின் வாசித்தவர்.

அந்த பேண்டு வாத்தியம் யாருடையது என்பதை நான் மறக்கவில்லை. நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் பட்டாளத்து இசை அது. தீட்சிதர் அதைக் கேட்டார், பிடித்ததை எடுத்தார், உள்ளே மீனாட்சியை வைத்தார். கேட்டுப் பழகும்போது பெருமை சிறுமை பார்க்கவில்லை. எளிய மெட்டு ஒன்றின் முன்னால் உட்கார அவருக்கு முடிந்தது. பதினான்கு மாதக் கற்றுக்குட்டி எனக்குத்தான் கௌரவக் குறைச்சலாக இருந்தது.

அந்த மெட்டும் ஆங்கிலேயருடையது இல்லையாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் அதற்குப் பியானோவில் பன்னிரண்டு வேறுபாடுகள் எழுதினார். ஜப்பானின் சுசுகி முறையில் வயலின் கற்கும் பிள்ளைகளுக்கு முதல் புத்தகத்தின் முதல் பாடமும் இதுதான்.

சனிக்கிழமை வரப்போகும் சீன நண்பர்களுக்கு மண்டரினில் இந்தப் பாட்டு தெரியும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்றாவது வரியில் இன்னும் மத்யமம் கொஞ்சம் ஏறித்தான் நிற்கிறது. அதற்கு நான்கு இரவுகள் இருக்கின்றன.

நேற்று நண்பன் அழைத்து, "மைக் வேணுமா, நாற்காலி வேணுமா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வேணாம். ஒரு பாய் மட்டும் போட்டு வை" என்றேன்.