தோற்ற தேர்தல்

"தோற்றுப்போன தேர்தலையா பெருமை என்கிறீர்?" என்று சிநேகிதர் ஒருவர் சிரித்தார். நெல்லி டெய்லோ ராஸ் அம்மாளைப் பற்றித்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் வயோமிங் என்று ஒரு ராஜ்யம். மலையும் மேய்ச்சல் நிலமும் அதிகம், ஜனங்கள் கொஞ்சம். பெண்களுக்கு 1869-லேயே வோட்டுரிமை கொடுத்த சீமை. அங்கே கவர்னர் என்பவர் நம் ஊர்க் கவர்னரைப் போல நியமனம் பெற்று வருகிறவர் அல்ல, ஜனங்களே தேர்ந்தெடுப்பார்கள். அதிகாரத்தில் நம் முதல் மந்திரிக்குச் சமானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1924 அக்டோபர் 2-ம் தேதி கவர்னர் வில்லியம் ராஸ், குடல்வால் ஆபரேஷனுக்குப் பிறகு காலமானார். மிச்சமிருந்த இரண்டு வருஷத்துக்கு நவம்பர் 4-ம் தேதி தேர்தல். டெமாக்ரடிக் கட்சியார் அவருடைய மனைவியையே அபேட்சகராக நிறுத்தினார்கள். அந்த அம்மாள் ஊர் ஊராகப் போகவில்லை; மேடையும் ஏறவில்லை. பகிரங்கக் கடிதம் எழுதியதோடு சரி. 8,000 வோட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து, 1925 ஜனவரி 5-ல் அந்நாட்டின் முதல் பெண் கவர்னரானார்.

அதே நாளில் டெக்ஸாஸில் ஜெயித்தவர் மிரியம் பெர்குஸன். அவர் கணவரும் பழைய கவர்னர்தான். 1917-ல் பதவி பறிக்கப்பட்டவர். ஆக, ஒருத்திக்கு இறந்த கணவர், இன்னொருத்திக்கு விலக்கப்பட்ட கணவர். வோட்டு யாருக்கு விழுந்தது? மனைவிக்கா, கணவருக்கா? துக்க வீட்டு வாசலில் நின்று பழகிய நமக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல.

1926-ல் நெல்லி மறுபடி நின்றார். இந்தத் தடவை சுற்றுப்பயணம் செய்தார், பேசினார். வரிக்குறைப்பு, பாங்குச் சீர்திருத்தம், சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லத் தம்முடைய காரியங்களே இருந்தன. ரிபப்ளிகன் கட்சிக்குச் செல்வாக்குள்ள ராஜ்யம் அது. சுமார் 1,400 வோட்டில் பிராங்க் எமர்ஸனிடம் தோற்றார்.

மௌனமாக இருந்து ஜெயித்தவர், பேசித் தோற்றார். ஆனால் அனுதாபத்தைக் கழித்துவிட்டு, ஓர் ஆண்பிள்ளையை எடைபோடுவது போல அவரை ஜனங்கள் எடைபோட்டது அப்போதுதான். அந்தத் தராசில் அவர் நூலிழைதான் குறைந்தார். பிறகு 1933 முதல் 1953 வரை அமெரிக்க நாணயச்சாலைக்குத் தலைவராக இருந்தார்.

கணவர் கவர்னராக இருந்த பின்பலம் இல்லாமல் ஒரு பெண் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1974-ல்தான். கனெக்டிகட்டில் எல்லா கிராஸோ. ஐம்பது வருஷம் ஆயிற்று. அந்தச் செய்தி வந்தபோது நெல்லி அம்மாள் உயிரோடு இருந்தார். வயது 97.

இதைச் சொன்னேன். சிநேகிதர் அப்புறம் சிரிக்கவில்லை.