"எனக்குப் பிரச்சினையில்லை, ஆனா சனம் ஏற்காது"

போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்தில் கதை எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நின்றது. தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்கிற ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் நின்றால் ஆக்கள் வாக்குப் போடுவினமா? பதினொரு பேர் இருந்தோம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, சொற்கள் மாறினாலும் பதில் ஒன்றாகத்தான் இருந்தது: "எனக்குப் பிரச்சினையில்லை. ஆனா சனம் ஏற்காது."

வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. பதினொரு பேருக்கும் பிரச்சினையில்லை என்றால், அந்தச் "சனம்" யார்?

இலங்கையில் இந்தக் கேள்வி வாக்குச்சீட்டில் இன்னும் வரவில்லை. வந்த நாடுகள் இருக்கின்றன. அங்கே என்ன நடந்தது என்று தேடிப் படித்தோம். படித்ததில் எங்களுக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை

1928 இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி அல் ஸ்மித் என்பவரை ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தியது. அவர் நியூயோர்க் ஆளுநர், கத்தோலிக்கர். வெள்ளை மாளிகையைப் பாப்பரசர் ஆளப்போகிறார் என்று பிரசாரம் செய்தார்கள். ஸ்மித் படுதோல்வி அடைந்தார். அந்த வருடம் பொருளாதாரம் நல்லாப் போய்க்கொண்டிருந்தது. ஆட்சியிலிருந்த குடியரசுக் கட்சியை வேறு யார் எதிர்த்து நின்றிருந்தாலும் கஷ்டம்தான். ஆனால் கட்சிக்காரர் படித்த பாடம் ஒன்றே ஒன்று: கத்தோலிக்கரை நிறுத்தினால் சனம் வாக்குப் போடாது.

அதற்குப் பிறகு 32 வருடங்கள் இரண்டு பெரிய கட்சிகளும் ஒரு கத்தோலிக்கரையும் ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தவில்லை. 1960 இல் ஜோன் எப். கென்னடி வந்தபோதும் கட்சிப் பெரியவர்களுக்கு அதே பயம். கென்னடி, கத்தோலிக்கர் மிகக் குறைவாக இருந்த மேற்கு வேர்ஜினியாவில் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் நின்றார். மதத்தை மறைக்காமல் அதைப் பற்றியே பேசினார். 60 வீதத்துக்கு மேல் வாக்கெடுத்து வென்றார். நவம்பரில் ஜனாதிபதியானார். 2020 இல் ஜோ பைடன் வென்றபோது, அவரும் கத்தோலிக்கர் என்பதை ஒரு தடையாக யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இடையில் போன அந்த 32 வருடங்களும் சனம் "இல்லை" என்று சொன்ன வருடங்களா? சனத்திடம் ஒருவரும் கேட்கவே இல்லை. கேட்காமலே பதிலைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

100 இல் 26, பிறகு 76

கலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் நீண்டகாலமாக ஒரு கேள்வி கேட்டு வருகிறது: உங்கள் கட்சி தகுதியான ஒருவரை நிறுத்துகிறது, அவர் தன்பாலீர்ப்பாளர், வாக்களிப்பீர்களா? 1978 இல் முதன்முதலாகக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 26 வீதம். 2019 இல் 76 வீதம்.

40 வருடத்தில் இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? அதே 1978 ஐப் பாருங்கள். கலிபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளர்களை அரச பாடசாலைகளில் படிப்பிக்க விடக்கூடாது என்று ஒரு சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் அதுதான் முன்னுக்கு நின்றது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் போனவர்களில் ஒருவர் ஹார்வி மில்க். முதல் வருடம்தான் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகச் சபைக்குத் தெரிவான, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். அவர் தன் ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: உங்கள் பெற்றோருக்கு, அயலவருக்கு, கூட வேலை செய்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று சொல்லுங்கள். தெரிந்த ஒருவருக்கு எதிராக வாக்குப் போடுவது கஷ்டம் என்பது அவருடைய கணக்கு. நவம்பரில் அந்தச் சட்டம் 58 வீத வாக்குகளால் தோற்றது. மூன்று கிழமைக்குள், நவம்பர் 27 அன்று, மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெளியே வந்து சொன்னவர்கள் அதற்குக் கொடுத்த விலை சின்னதல்ல. அந்த 26 தானாக 76 ஆகவில்லை.

2020: பீற் பூட்டஜெஜ்

இந்தியானா மாநிலத்தில் சவுத் பென்ட் என்றொரு சின்ன நகரம். அதன் மேயர் பீற் பூட்டஜெஜ், 2015 ஜூனில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதித் தான் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னார். அந்த வருட நவம்பரிலேயே தேர்தல். பழமைவாதிகள் நிறைந்த மாநிலம். "சனம் ஏற்காது" என்று யாரும் சொல்லக்கூடிய இடம். சுமார் 80 வீத வாக்குகளோடு திரும்ப வென்றார். அவரை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

2019 இல் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட இறங்கினார். அந்த நேரம் குவினிபியாக் பல்கலைக்கழகம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. தன்பாலீர்ப்புள்ள ஆணை ஜனாதிபதியாகத் தெரிவு செய்யத் தங்களுக்குச் சம்மதம் என்றவர்கள் 70 வீதம். நாடு அதற்குத் தயாரா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 36 வீதம் மட்டுமே.

இந்த இரண்டு எண்களையும் பார்த்தபோது எங்கட வாசிப்பு வட்டத்தையே பார்த்தது போல இருந்தது. 70 பேர் சம்மதம் என்கிறார்கள். அதே ஆட்களிடம் மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் பாதியாகக் குறைகிறது. கருத்துக்கணிப்பில் சிலர் பொய் சொல்லியிருப்பார்கள், உண்மைதான். "சனம்" என்ற சொல்லுக்குப் பின்னால் தன் சொந்தத் தயக்கத்தை ஒளித்து வைத்தவர்களும் இருப்பார்கள். ஆனால் மிச்சப் பேர் உண்மையாகவே சம்மதித்துவிட்டு, "வெல்ல மாட்டார்" என்ற கணக்கில் வேறொருவருக்குப் போடுகிறார்கள். வெறுப்பவரின் வாக்கும் கிடைக்காது, வெறுக்காதவரின் வாக்கும் கிடைக்காது.

2020 பெப்ரவரியில் அயோவாவில் பூட்டஜெஜ் பிரதிநிதிகள் கணக்கில் மயிரிழையில் முன்னுக்கு வந்தார். மொத்த வாக்குகளில் பேர்னி சாண்டர்ஸ்தான் முன்னுக்கு. அங்கே அவரை ஆதரித்த ஒரு பெண், அவருக்குக் கணவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், தன் வாக்கைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்ட வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. வெறுப்பு இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது இருந்தது.

ஆனால் அந்த மாத முடிவில் தென் கரோலினாவில் நடந்ததை எப்படி விளக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அங்கே கறுப்பின வாக்காளர்கள் அதிகம். பூட்டஜெஜ் நாலாவது இடம், சுமார் 8 வீதம். அடுத்த நாளே விலகினார். கறுப்பின மக்கள் தன்பாலீர்ப்பாளரை ஏற்க மாட்டார்கள், அவர்களுடைய தேவாலயங்கள் அப்படி என்று பலர் முன்னமே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். சவுத் பென்டில் அவர் கறுப்பினப் பொலிஸ் மா அதிபரைப் பதவி இறக்கியது, 2019 இல் வெள்ளையின அதிகாரி ஒருவர் கறுப்பின மனிதரைச் சுட்டுக் கொன்றபோது ஊர்மக்கள் மேயரிடம் நேருக்கு நேர் கோபப்பட்டது எல்லாம் அந்த விளக்கத்தில் காணாமல் போய்விட்டன. அவர்களுக்கு அவரிடம் அரசியல் கேள்விகள் இருந்தன. "பிற்போக்கான சனம்" என்ற முத்திரை வந்ததும் அந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை. நாங்களும் "கிராமத்துச் சனம்", "படிக்காத சனம்" என்று சொல்லும்போது இதைத்தான் செய்கிறோம்.

பின்லாந்து: மூன்று முறை கேட்டவர்

பின்லாந்தில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள். பசுமைக் கட்சியைச் சேர்ந்த பெக்கா ஹாவிஸ்ரோ 1958 இல் பிறந்தவர். அவருக்குப் 13 வயது நடக்கும்வரை, 1971 வரை, அங்கே தன்பாலுறவு குற்றம். குற்றத்தை எடுத்தபோதும், அதைப் பொதுவில் ஊக்குவிக்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1995 இல் அவர் அமைச்சரானபோதும் அந்தப் பிரிவு புத்தகத்தில் இருந்தது. 1999 இல்தான் போனது.

2012 இல் ஹாவிஸ்ரோ ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் சுற்றுவரை வந்தார். எக்குவடோரில் பிறந்த அவருடைய துணைவரையும் நாடே அறிந்திருந்தது. 37 வீத வாக்கெடுத்துத் தோற்றார். 2018 இல் திரும்ப நின்றார், திரும்பத் தோற்றார். 2024 பெப்ரவரியில் மூன்றாம் முறை இரண்டாம் சுற்றில் அலெக்சாண்டர் ஸ்ரப்பிடம் 48.4 க்கு 51.6 என்று தோற்றார். வித்தியாசம் ஒரு லட்சம் வாக்குக்குக் கிட்ட.

"பாத்தீங்களா, கடைசியில சனம் ஏற்கேல்லைத்தானே" என்று கேட்கலாம். சிலர் அந்தக் காரணத்துக்காகவே அவரைத் தவிர்த்திருப்பார்கள். ஆனால் முந்தின வருடம்தான் வலதுசாரிகள் பொதுத்தேர்தலில் வென்றிருந்தார்கள். ஸ்ரப் அவர்களுடைய ஆள். அந்தக் காற்றில் ஒரு பசுமைக் கட்சிக்காரர் கிட்டத்தட்டப் பாதி நாட்டின் வாக்கை எடுத்தார். இன்னொன்றும் சொல்லவேணும். 2000 இல் அதே நாட்டில் தார்யா ஹலோனன் என்ற பெண் ஜனாதிபதியானார். திருமணம் செய்யாமல் பிள்ளை வளர்த்தவர், தேவாலயத்திலிருந்து விலகியவர், 1980 இல் தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பின் தலைவராக இருந்தவர். அவர் வென்றதும் 51.6 வீதத்தில்தான். சனம் என்று ஒரு மாறாத பொருள் இல்லை.

திரும்ப எங்களிடம்

இலங்கையில் குற்றவியல் கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் விட்டுப்போன 1883 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகின்றன. 1995 இல் அதைத் திருத்தி, பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். 2023 இல், இவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாராளுமன்றம் கலையும்வரை அது சட்டமாகவில்லை. ஜனாதிபதி வேட்பாளர் எங்களுக்குத் தூரத்துக் கேள்வி.

ஆனால் அந்த வசனம் தூரத்தில் இல்லை. ஒரு தம்பி தன்னைப் பற்றி அக்காவிடம் சொல்கிறான். அக்கா, "எனக்கு ஓகேடா, ஆனா அம்மாட்ட சொல்லாத, தாங்க மாட்டா" என்கிறாள். அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்ன, ஊர் என்ன சொல்லும்" என்பா. ஊரில் யாரைக் கேட்டாலும் பக்கத்து வீட்டைக் காட்டுவினம். இப்படி ஒருவரும் வெறுக்காமலே அவன் தனியே நிற்பான்.

வாக்காளர் ஏற்பினமா என்ற கேள்விக்கு நாங்கள் கண்ட பதில் இதுதான்: கேட்டுப் பார்த்த இடங்களில், நினைத்ததைவிட அதிகம் பேர் ஏற்றிருக்கிறார்கள். கேட்கப் பயந்த இடங்களில் 32 வருடம் வீணாகப் போயிருக்கிறது. அடுத்த வாசிப்பு வட்டத்தில் இதே கேள்வியைத் திரும்ப வைக்கப் போகிறோம். ஒரு நிபந்தனை மட்டும்: "சனம்" என்ற சொல்லைப் பாவிக்காமல், ஒவ்வொருவரும் தன் வாக்கைப் பற்றி மட்டும் சொல்லவேணும்.