தேயிலைத் தோட்டமும் முரசு நோயின் வரலாறும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்தம் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவருடைய உடலை ஆராய்ந்து ஓர் அறிவு பெறப்பட்டதோ அவரைப் பற்றிய செய்தி அதில் இடம்பெறுவது அரிது. முரசு நோய் பற்றிய இக்கால அறிவு வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள துறைமுகத்தினூடாக மலையகத் தேயிலை உலகெங்கும் சென்ற கதையை யாவரும் அறிவர். அதே மலையகத்திலிருந்து உலகப் பல் மருத்துவம் பெற்றுக்கொண்ட அறிவைப் பற்றிக் கொழும்பிலே பேசப்படுவது குறைவு.

பற்களிற் படியும் நுண்ணுயிர்ப் படலமே முரசு அழற்சிக்கு ஏது என்பதை நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் 1965இல் நிறுவினர். பல் துலக்குவதை நிறுத்திய பன்னிருவருக்கும் மூன்று வாரங்களுள் அழற்சி தோன்றிற்று. மீண்டும் துலக்கியதும் நீங்கிற்று. ஆயின், அவ்வழற்சி ஆண்டுக்கணக்காக நீடிப்பின் யாது நிகழும் என்னும் வினா எஞ்சியது. அதற்கு விடை காண 1969இல் ஒஸ்லோவில் 565 ஆடவரும், 1970இல் இலங்கையில் 14 முதல் 31 வயது வரையான 480 தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். முன்னவர் இளமை முதலே ஒழுங்கான பல் வைத்தியம் பெற்றவர். பின்னவரிடத்துப் பற்தூரிகைப் பழக்கமும் இல்லை. பல் வைத்திய வசதியும் இல்லை.

பதினைந்தாண்டுகாலப் பதிவுகளின் முடிவுகள் 1986இல் வெளிவந்தன. தொழிலாளர் யாவர் பற்களிலும் படலமும் காரையும் மிகுந்திருந்தும் விளைவு ஒன்றாயிருக்கவில்லை. ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதிற் பற்கள் அனைத்தும் வீழ்ந்தன. 81 வீதத்தினர் அவ்வயதிற் சராசரி 7 பற்களை இழந்திருந்தனர். 11 வீதத்தினருக்கு நோய் முரசு அழற்சியைக் கடந்து செல்லவில்லை. சூத்தைப் பல் அவர்களிடையே இல்லையென்றே கூறலாமாதலின், பல்லிழப்புக்கு முரசு நோயே காரணமாயிற்று. நுண்ணுயிரோடு உடலின் எதிர்வினையும் சேர்ந்தே நோயின் போக்கை நிர்ணயிக்கின்றது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அவ்வெதிர்வினை வாயோடு நின்றுவிடுவதன்று. புண்பட்ட முரசினூடாக நுண்ணுயிர்களும் அழற்சிப் பொருள்களும் குருதியிற் கலக்கின்றன. இவை இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. குருதியில் மிகும் வெல்லமோ முரசு நோயை மேலும் முற்றச் செய்கின்றது. இதே லோ 1993இல் முரசு நோயை நீரிழிவின் ஆறாவது சிக்கல் எனக் குறிப்பிட்டார். இருதய நோயோடும் இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. எனினும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது இன்னும் முற்றாக நிறுவப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, உடல் நோய் பலவற்றுக்கும் பற்களே மூலமெனக் கருதித் தேவையின்றிப் பற்கள் பிடுங்கப்பட்டமையை நினைவிற் கொள்வோர் இங்கு நிதானம் வேண்டுமென்பதை உணர்வர்.

‘மனிதரிடத்து முரசு நோயின் இயற்கை வரலாறு’ என்பது இவ்வாய்வுத் தொடரின் தலைப்பு. இங்கு ‘இயற்கை’ என்னும் சொல் சிந்தனைக்குரியது. ஆய்வாளர் அந்நிலையை உண்டாக்கினாரல்லர், இருந்ததையே பதிந்தனர். ஆயினும் பற்தூரிகையும் வைத்தியமும் இல்லாதிருந்தமை இயற்கையால் நேர்ந்ததன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. வாக்குரிமையற்ற மக்கள் மருத்துவ வசதியைக் கேட்டுப் பெறும் வலிமையையும் இழந்திருந்தனர். நாடற்றிருந்தோருள் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

நாற்பதாண்டுகளின் பின், 2010இல், 480 பேருள் 75 பேரே மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முப்பது வயதில் முரசு இருந்த நிலையே அறுபதில் எஞ்சும் பற்களை முன்னறிவிக்கும் என்பதை அவர்கள்தம் வாய்கள் காட்டின. வெள்ளவத்தையில் இன்று ஓர் இளைஞர் முரசிற் குருதி கசிவதைக் கண்டு காலத்தோடு வைத்தியரை நாடுவாராயின், அவருக்குக் கிடைக்கும் அறிவுரைக்குப் பின்னால் அத்தொழிலாளர் உள்ளனர். அவ்வறிவுரையும் அதற்கேற்ற வைத்தியமும் தோட்டக் குடியிருப்புகளையும் சென்றடைதல் வேண்டும். அக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு, பல்கலைக்கழகங்களிற் பயின்று வெளியேறும் மருத்துவரையும் ஆசிரியரையும் சார்ந்ததாகும்.