படிக்கட்டுக்குத் தனி விலை

1997-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வந்தது. கம்ப்யூட்டரில் ராஜ்ஜியம் கட்டி ஆளும் விளையாட்டு. பத்து வீரர்கள் வேண்டுமா? ஒருத்தன் தயாராகி வெளியே வரும்வரை காத்திருந்து, அடுத்தவனுக்கு க்ளிக் செய்யவேண்டும். விரல் தேய்ந்துவிடும்.

மறுவருஷம் 'ரைஸ் ஆஃப் ரோம்' என்றொரு கூடுதல் சி.டி. விற்றார்கள். ரோம், கார்த்தேஜ் என நான்கு புது சாம்ராஜ்யங்கள். கூடவே ஒரு சின்ன வசதி. மொத்தமாக ஆர்டர் கொடுத்துவிட்டால் வீரர்கள் வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள்.

ரோமுக்குக் காசு கேட்டது நியாயம். அது புதுச் சரக்கு. வரிசைக்கு?

இந்தக் கேள்வியோடு அதிகம் மல்லுக்கட்டியவர்கள் ஸ்வீடனின் பாரடாக்ஸ் கம்பெனிக்காரர்கள். 2012-ல் அவர்களது 'க்ரூசேடர் கிங்ஸ் 2' வந்தது. வரைபடத்தில் சுல்தான்கள் உண்டு. ஆனால் நீங்கள் கிறிஸ்தவப் பிரபுவாகவோ ராஜாவாகவோதான் ஆடலாம். சுல்தான் ஆகணுமா? அதே வருஷம் வந்த 'ஸ்வோர்ட் ஆஃப் இஸ்லாம்' வாங்கணும். 2014-ல் 'ராஜாஸ் ஆஃப் இந்தியா'. இந்திய வரைபடம் எல்லோருக்கும் இலவசம். இந்திய சிம்மாசனத்தில் உட்காரத்தான் கட்டணம்.

இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வாங்காதவரின் ஆட்டம் நின்றுவிடவில்லை. மாடி கட்டி விற்றார்கள், வேண்டியவர் வாங்கினார். இலவச அப்டேட் எழுதுகிறவருக்கும் சம்பளம் தரவேண்டுமே? அது மாடி விற்ற காசில்தான் வரும்.

வம்பு 2015-ல் வந்தது. 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' விளையாட்டுக்கு 'காமன் சென்ஸ்' என்றொரு தொகுப்பு. அதாவது பொது அறிவு! ஒவ்வொரு மாகாணத்துக்கும் 'வளர்ச்சி' என்றொரு கணக்கு. வரி, ஆள்பலம், எத்தனை கட்டடம் எழுப்பலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. இந்தக் கணக்கு இலவச அப்டேட்டிலேயே எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது. ஆனால் செலவழித்து வளர்ச்சியை உயர்த்தும் பொத்தான் மட்டும் அப்போது காசு கொடுத்தவருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

இங்கே விற்றது மாடியை அல்ல. படிக்கட்டை.

இதில் கம்பெனிக்கும் நஷ்டம்தான். எப்படி? பத்துத் தொகுப்புகள் என்று வையுங்கள். ஒருவர் ஒவ்வொன்றையும் வாங்கியிருக்கலாம், வாங்காமலும் விட்டிருக்கலாம். மொத்தம் 1,024 விதமான வாடிக்கையாளர்கள். அடுத்த தொகுப்பு எழுதுகிறவர், இவர்களில் யாரிடம் படிக்கட்டு இருக்கிறது என்று எதை நம்பி எழுதுவார்? அஸ்திவாரத்தைப் பூட்டிவைத்தால் அதன்மேல் தானே கட்டமுடியாது.

2020-ல் 'க்ரூசேடர் கிங்ஸ் 3' வந்தது. சுல்தானாகவும் இந்திய ராஜாவாகவும் ஆடும் வசதி முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் இருந்தது. எட்டு வருஷத்தில் பழைய மாடி, புது வீட்டின் தரைத்தளமாகிவிட்டது. விற்பதற்கு வேறு மாடிகளைத் தேடிக்கொண்டார்கள்.

புது தேசம், புது ராஜா, புதுக் கதை எதற்கு வேண்டுமானாலும் விலை வையுங்கள். எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி என்றால், அதை இயக்கும் கைப்பிடியும் எல்லோருக்கும் கிடைத்தாக வேண்டும். அதுதான் நிஜமான காமன் சென்ஸ்.