தம்போர் (படமாற்று நுண்சேவை)

தம்போர் என்பது இணையப் பக்கங்களுக்கு வேண்டிய படங்களை, கேட்கப்படும் நேரத்திலேயே அளவு மாற்றியும் கத்தரித்தும் வேறு கோப்பு வடிவத்துக்கு மாற்றியும் தரும் திறமூல மென்பொருள். பிரேசிலின் குளோபோ ஊடகக் குழுமத்தைச் சேர்ந்த குளோபோ.காம் இணையதளத்தில் உருவானது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டு, எம்ஐடி உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படத்துக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, அதைக் கேட்கும் இணைய முகவரியிலேயே எழுதிவிடுவது இதன் அடிப்படை. தம்போரின் வசதிகளும் அதற்கு வேண்டிய காவலும் இந்த ஓர் இயல்பிலிருந்தே வருகின்றன.

பின்னணி

செய்தித் தளங்களில் ஒரே புகைப்படம் முகப்பில் ஓர் அளவிலும், கட்டுரைக்குள் வேறோர் அளவிலும், கைபேசியில் இன்னோர் அளவிலும் தேவைப்படுகிறது. பதிவேற்றும்போதே எல்லா அளவுகளிலும் பிரதி எடுத்து வைப்பது பழைய வழக்கம். இதனால் யாரும் பார்க்காத பிரதிகளும் சேமிப்பிடத்தை அடைத்துக்கொள்ளும். தளத்தின் வடிவமைப்பு மாறினால், பழைய படங்கள் அத்தனையையும் மறுபடி அளவு மாற்ற வேண்டிவரும். தம்போர் மூலப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கேட்ட அளவுக்குக் கேட்ட நேரத்தில் பிரதி தயாரிக்கிறது. தனிச் சேவையாக எச்டிடிபி வழியே இயங்குவதால், தளம் எந்த நிரலாக்க மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் இதைப் பயன்படுத்தலாம்.

முகவரியின் அமைப்பு

தம்போர் முகவரி சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட பகுதிகளைக் கொண்டது. முதலில் கையொப்பம், நடுவில் செய்ய வேண்டிய மாற்றங்கள், கடைசியில் மூலப்படத்தின் முகவரி என்பது வரிசை. அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே ‘எக்ஸ்’ எழுத்து வரும். இரண்டில் ஒன்றைச் சுழியமாகக் கொடுத்தால், விகிதம் கெடாமல் மற்றது கணக்கிடப்படும். எண்ணுக்கு முன் கழித்தல் குறி இட்டால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பும்.

கேட்ட சட்டத்துக்கும் மூலப்படத்துக்கும் விகிதம் ஒத்துவராதபோது தம்போர் மிகுதியை வெட்டிவிடும். ‘ஃபிட்-இன்’ என்ற சொல்லைச் சேர்த்தால் எதையும் வெட்டாமல் சட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கும். மூலப்படத்தின் முகவரிக்கு முன்னால் வடிகட்டிகள் இடம்பெறும். தரம், ஒளிர்வு, மங்கலாக்கம், சுழற்சி, நீர்க்குறி, பின்புல நிறம் போன்றவற்றுக்குத் தனித்தனி வடிகட்டிகள் உண்டு.

நிறுவுதல்

பைத்தானின் ‘பிப்’ கருவி கொண்டோ டாக்கர் கொள்கலனாகவோ தம்போரை நிறுவலாம். 7ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் 3 தேவை. இயக்கியவுடன் 8888 என்ற போர்ட்டில் கோரிக்கைகளுக்குக் காத்திருக்கும். ‘ஹெல்த்செக்’ என்ற பாதையை உலாவியில் திறந்து, சேவை இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ‘தம்போர்-கான்ஃபிக்’ கட்டளை எல்லா அமைப்புகளும் விளக்கங்களுடன் கூடிய மாதிரிக் கோப்பைத் தரும். அதைத் திருத்திக்கொள்வதே எளிய வழி.

படங்களைக் கையாள்வது செயலியின் உழைப்பை மிகுதியாகக் கேட்கும் வேலை. ஆகவே பல தம்போர் செயல்முறைகளை இயக்கி, அவற்றின் முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வரை நிறுத்திக் கோரிக்கைகளைப் பங்கிடுவது வழக்கம்.

வடிவ மாற்றம்

ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், வெப்பி ஆகிய வடிவங்களைத் தம்போர் கையாளும். விரும்பிய வடிவத்தை ‘ஃபார்மேட்’ வடிகட்டியில் குறிப்பிடலாம். ஜேபெக்கில் ஒளிபுகு பகுதிகளுக்கு இடமில்லை. எனவே அத்தகைய பிஎன்ஜி படத்தை ஜேபெக்காக மாற்றும்போது பின்புல நிறத்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி, ஜேபெக்கைவிடப் பொதுவாகச் சிறிய கோப்புகளைத் தரும். தானியங்கி வெப்பி அமைப்பை இயக்கினால், உலாவி அனுப்பும் ‘அக்செப்ட்’ தலைப்பைப் பார்த்து, ஏற்கக்கூடிய உலாவிக்கு வெப்பியும் மற்றதற்கு மூல வடிவமும் அனுப்பப்படும். அப்போது ஒரே முகவரிக்கு இரண்டு விதமான பதில்கள் இருக்கும். இடையிலுள்ள சேமிப்பகம் ‘வேரி’ தலைப்பை மதிக்காவிட்டால், ஓர் உலாவிக்கு உரிய கோப்பு இன்னொன்றுக்குப் போய்விடும்.

முகமறிந்து கத்தரித்தல்

முகவரியில் ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தால், ஓபன்சிவி நூலகத்தின் உதவியுடன் தம்போர் படத்திலுள்ள முகங்களைத் தேடும். முகம் இல்லையென்றால் விளிம்புகளும் மூலைகளும் செறிந்த பகுதியைக் கண்டுபிடித்து, அதை மையமாக வைத்து வெட்டும். இதற்கான கண்டறி கூறுகளை அமைப்புக் கோப்பில் முன்னதாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு

கட்டளை முகவரியிலேயே இருப்பதால், எண்களை மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான அளவுகளைக் கேட்டு எவரும் சர்வரைத் திணறடிக்கலாம். இதைத் தடுப்பதே கையொப்பத்தின் வேலை. தளத்தின் சர்வர் ஓர் இரகசியச் சாவியைக் கொண்டு, எச்மேக் முறையில் முகவரிக்குக் கையொப்பம் இடுகிறது. முகவரியில் ஓர் இலக்கம் மாறினாலும் கையொப்பம் பொருந்தாது, கோரிக்கை மறுக்கப்படும். உலாவியில் ஓடும் நிரலில் சாவியை வைத்தால் அது எல்லோர் கைக்கும் போய்விடும்.

சோதனைக்காகக் கையொப்பத்தின் இடத்தில் ‘அன்சேஃப்’ என்று எழுதும் வழி உண்டு. தொடக்க நிலையில் இது அனுமதிக்கப்பட்டிருக்கும். மென்பொருளுடன் வரும் சாவியும் ஊரறிந்தது. பொதுப் பயன்பாட்டுக்கு விடுமுன் இந்த வழியை அடைத்து, சாவியையும் மாற்ற வேண்டும். மூலப்படங்களை எந்தெந்தத் தளங்களிலிருந்து எடுக்கலாம் என்ற பட்டியலும் தேவை. அது இல்லாவிட்டால், வெளியார் தம்போரைத் தூண்டி நிறுவனத்தின் உள்வலையமைப்பிலுள்ள முகவரிகளை அணுகச் செய்ய முடியும்.

சேமிப்பு

எடுத்துவந்த மூலப்படத்தைத் தம்போர் வட்டில் வைத்துக்கொள்ளும். தயாரித்த பிரதியையோ, தனியாக அமைத்தால் ஒழிய சேமிக்காது. ஆகவே உள்ளடக்க விநியோக வலையமைப்பு ஒன்றை முன்னால் வைப்பது நடைமுறை. ஒருமுறை தயாரான படம் அங்கிருந்தே அடுத்தடுத்த வாசகர்களுக்குப் போகும்.

பயன்பாடு

விக்கிமீடியா நிறுவனம் 2017இல் தன் சிறுபடத் தயாரிப்பைத் தம்போருக்கு மாற்றியது. எஸ்விஜி, பிடிஎஃப், டேஜாவு போன்ற கோப்புகளையும் கையாளும்படி அதற்கெனச் செருகுநிரல்களை எழுதிக்கொண்டது. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களின் சிறுபடங்களும் இந்த ஏற்பாட்டின் கீழ் வந்தன.

படங்கள் குறைவாகவும் அளவுகள் நிலையாகவும் உள்ள சிறு தளத்துக்கு முன்கூட்டியே பிரதி எடுத்து வைப்பதே போதும். நாள்தோறும் புதுப்படங்கள் சேர்ந்து, வடிவமைப்பும் அடிக்கடி மாறும் தளங்களுக்கே தம்போர் போன்ற நுண்சேவை ஏற்றது.